எட்டு முழ வீடு

ஆயா போட்டோவை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்தும் பார்த்தார். அப்புறம் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "யாரு வூடு தம்பி இது?" என்றார்.

"உங்க வீடுதான் ஆயா. நடுவுல உக்காந்திருக்கறது நீங்கதானே?"

"நான்தான். அது தெரியுது. வூடு யாருதுன்னு கேக்கறேன்."

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் சரியான பதில் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரையே அதைத் தேடித்தான்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து உள்ளே போகிற ஓர் ஊர். பெயர் வேண்டாம். ஆயாவின் வீடு எப்போதோ அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. ஒரே அறை. கூரையின் உள்பக்கம் சிமென்ட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பு மாதிரி தெரிகிறது. ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆயாவின் பேரன் என் நண்பன். கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டூடியோவில் மூன்று வருடம் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று இரண்டு பேரும் சேர்ந்து கேமரா பை தூக்கியிருக்கிறோம். புது வீடு கேட்டு மனு கொடுக்கப்போவதாகவும், அதோடு ஒரு போட்டோ வைக்க வேண்டும் என்றும் சொன்னான். "ஒரே படத்துல எல்லாம் வரணும்டா. கம்பி, விரிசல், அடுப்பு, அஞ்சு பேரு, எல்லாம்."

என்னிடம் இருந்தது செகண்ட் ஹேண்ட் கேனான் 1200டி, அதோடு வந்த 18-55 லென்ஸ். 18-ல் வைத்தால் எட்டடி தள்ளியிருக்கும் சுவரில் பத்தடி அகலம் படத்துக்குள் வரும். அந்த அறை அதைவிட நீளம். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றுகூட நண்பனின் அம்மாவும் அடுப்பும் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டார்கள். பின்னால் நகர இடம் இல்லை. யோசித்துப் பார்த்தால் இது விநோதமான விஷயம். பங்களாவை எந்த செல்போனும் எடுத்துவிடும், எவ்வளவு வேண்டுமானாலும் பின்னால் போகலாம். சின்ன வீட்டை முழுசாக எடுக்கத்தான் விலை உயர்ந்த வைட் ஆங்கிள் லென்ஸ் தேவைப்படுகிறது. என் கையிலோ நாலு மாதச் சேமிப்பைப் போட்டாலும் அது வராது.

அதனால் அடாப்டர் வாங்கினேன். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. லென்ஸின் முன்பக்க மரையில் திருகி மாட்டிக்கொள்கிற தடித்த கண்ணாடி மூடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 0.45 என்று போட்டிருக்கும். உள்ளே முன்னால் ஒரு குழி வில்லை, பின்னால் ஒரு குவி வில்லை. கலிலியோவின் தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்தால் எப்படியோ அப்படி. சின்ன வயசில் பைனாகுலரை மாற்றிப் பிடித்து, எதிரே நிற்கிற அம்மாவை எறும்பு சைஸில் பார்த்திருப்பீர்களே, அந்த விளையாட்டுதான்.

மாட்டி எடுத்த முதல் படத்தில் நாலு மூலையும் கறுப்பு. கிணற்றுக்குள் உட்கார்ந்து மேலே பார்க்கிற மாதிரி இருந்தது. ஜூம் பண்ணினால் கறுப்பு போய்விடும்; ஆனால் கூடவே வந்த அகலமும் போய்விடும். அப்புறம் அடாப்டர் எதற்கு?

முதலில் லென்ஸ் மேல் இருந்த யூவி ஃபில்டரைக் கழற்றினேன். கொஞ்சம் குறைந்தது. மீதி கறுப்புக்கு இரண்டு காரணம். அடாப்டரின் பின்பக்க வளையம் தேவைக்கு மேல் நீளம், அதனால் அது லென்ஸை விட்டுத் தள்ளி நிற்கிறது. முன்பக்க விளிம்போ கண்ணாடியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதாவது லென்ஸ் தன் சட்டையின் காலரையே படம் பிடிக்கிறது. இரண்டையும் குறைக்க வேண்டும். லேத் பட்டறையில் கேட்டேன். "கண்ணாடி ஒடஞ்சா என்னைக் கேக்கக் கூடாது" என்றார் அண்ணன். கேட்காமல் திரும்பி வந்து வீட்டிலேயே ஆரம்பித்தேன்.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் உள்வளையத்தில் இரண்டு சிறு பள்ளம் இருக்கும். ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸின் இரண்டு முனையையும் அதில் வைத்துத் திருகினால் கழன்றுவிடும். கழற்றுவதற்கு முன் எந்தப் பக்கம் வெளியே என்று வில்லையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள். நான் போடவில்லை, ஒரு முழு ராத்திரி போனது. கண்ணாடி இல்லாத வெறும் அலுமினிய உடம்பை மரத்தில் குடைந்த ஒரு குழிக்குள் உட்காரவைத்து, அரத்தால் தேய்த்தேன். குழியைக் குடைந்து கொடுத்தது எனக்குத் தெரிந்த மரச்சிற்ப ஆசாரி அண்ணன். (கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அவர் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதில்லை.) கடைசியில் ஒரு கண்ணாடிப் பலகை மேல் உப்புத்தாளை விரித்து, வளையத்தைக் கவிழ்த்துப்போட்டு எட்டு மாதிரி சுற்றிச் சுற்றி இழைத்தேன். அப்படி இழைத்தால்தான் ஒரு பக்கம் சாயாது. தேய்த்த இடம் வெள்ளியாகப் பளபளக்கும், விட்டால் படம் முழுக்க ஒளி தெறிக்கும். கரும்பலகைக்கு அடிக்கும் பளபளப்பில்லாத கறுப்பு பெயின்டை உள்ளே பூசிக் காயவைத்தேன். அடாப்டரின் கனத்தை இந்த லென்ஸின் ஃபோகஸ் மோட்டார் தாங்காது என்பதால் கையால்தான் ஃபோகஸ். எஃப் 8-க்குக் கீழே போனால் ஓரமெல்லாம் கஞ்சி.

எல்லாம் முடிந்து, சுவரில் இஞ்ச் டேப்பை ஒட்டி, நாலடி தள்ளி நின்று அளந்தேன். வெறும் லென்ஸில் ஐந்தடி. அடாப்டரோடு எட்டடி. பெட்டியில் போட்ட 0.45 பொய், கிட்டத்தட்ட 0.62. ஆனால் மூலையில் கறுப்பு இல்லை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கையால் ஒன்றைச் சரிசெய்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும்.

மலைக்குப் போய்ப் படம் எடுத்தேன். கம்பி வந்தது. விரிசல் வந்தது. அடுப்பு, தொங்குகிற துணிக்கொடி, மூலையில் கொட்டிவைத்திருந்த குச்சிக்கிழங்கு, ஐந்து பேர், எல்லாம் வந்துவிட்டது. சுவர் மட்டும் பீப்பாய் மாதிரி வளைந்திருந்தது, அதையும் கம்ப்யூட்டரில் நேராக்கினேன். மனுவோடு போனது.

இரண்டு வாரம் கழித்து நண்பன் போன் செய்தான். எந்த அலுவலகம், யார் என்பதெல்லாம் வேண்டாம். படத்தைப் பார்த்தவர் சொன்னாராம்: "ஏம்பா, ஹால் மாதிரி இருக்கே. அஞ்சு பேரு தாராளமா படுக்கலாமே."

மனு அதனால்தான் நின்றது என்று சொல்லமாட்டேன். மனுக்கள் நிற்க ஆயிரம் காரணம். ஆனால் அவர் படத்தில் பார்த்ததைத்தான் சொன்னார் என்பது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. நான் எதையும் சேர்க்கவில்லை, எதையும் மறைக்கவில்லை. இன்னும் சொன்னால், முன்பு வெளியே விடப்பட்டவர்களை உள்ளே கொண்டுவந்தேன். முழுசாகக் காட்டிய படம் எப்படிப் பொய்யானது?

வீடு விற்பவர்கள் விளம்பரத்துக்கு ஏன் வைட் ஆங்கிள் வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் யோசித்தேன். பத்துக்குப் பத்து பெட்ரூம் அதில் மாநாட்டு மண்டபம். பணக்கார வீட்டைப் பெரிதாக்குவது போலவே ஏழை வீட்டையும் பெரிதாக்கும் கருவி அது, அதற்குப் பாரபட்சம் கிடையாது. அதுதான் தொந்தரவு.

இதில் லென்ஸைக் குற்றம் சொல்லவும் முடியாது என்பது கொஞ்சம் கணக்குப் போட்டால் தெரியும். என் அடாப்டர் வாங்கும் கோணம் ஏறக்குறைய 90 டிகிரி. அந்தப் படத்தை ஆறு அங்குல அகலத்துக்குப் பிரிண்ட் போட்டால், கண்ணை மூன்று அங்குலத்தில் வைத்துப் பார்த்தால்தான் அறை அதன் அளவில் தெரியும். மூன்று அங்குலம் என்றால் பிரிண்ட் மூக்கில் இடிக்கும். சாதாரணக் கண்ணுக்குப் பத்து அங்குலத்துக்குள் தெளிவாகத் தெரியாது. அதாவது, அந்தப் படத்தின் உண்மையான அளவு கண்ணுக்குக் கிடைக்கிற தூரத்தில் படமே மங்கிவிடும். தெளிவாகத் தெரிகிற தூரத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் தூரத்தில், வீடு ஹால் ஆகிவிடும். ஆயா கிட்டே கொண்டுபோயும் தள்ளிப் பிடித்தும் பார்த்தது இதைத்தான் போல. அவருக்கு எந்தத் தூரத்திலும் அது அவர் வீடாக ஆகவில்லை.

இதை ஆசாரி அண்ணனிடம் சொன்னேன். அவர் உளியை வைக்காமலே பேசுவார். "தேர்ல மேல் வரிசையில நிக்கிற பொம்மைக்குத் தலையைக் கொஞ்சம் பெருசாத்தான் செதுக்குவோம். கையில வச்சுப் பாத்தா கோரமா இருக்கும். கீழ நின்னு பாக்கறவனுக்கு அதான் சரி."

"அப்ப பொய் சொல்லலாங்கறீங்களா அண்ணே?"

"பாக்கறவன் எங்க நிப்பான்னு தெரியும்ல எங்களுக்கு. உனக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் அதை யோசிக்கவே இல்லை. என் யோசனை முழுக்க நான் எங்கே நிற்கிறேன், பின்னால் போக எவ்வளவு இடம் இருக்கிறது என்பதில்தான் இருந்தது. படம் போய்ச் சேரும் மேசை எவ்வளவு தூரம் என்பது படத்தின் பகுதி என்று எனக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லவில்லை என்பதும் உண்மையைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்பதும் ஒன்றல்ல. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாகக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்ல எனக்குக் கூச்சமானது.

சுவரை நேராக்கினேன் என்றேன் அல்லவா? அடாப்டர் தந்த அசல் படத்தில் சுவர் வளைந்திருந்தது, ஆனால் ஓரத்தில் நின்ற நண்பனின் அம்மாவின் முகம் அவர் முகமாகவே இருந்தது. மென்பொருளில் சுவரை நிமிர்த்த நிமிர்த்த, அந்த முகம் பக்கவாட்டில் இழுபட்டது. மையத்திலிருந்து 45 டிகிரி தள்ளி நிற்கிற ஒரு தலை, நேர்கோடுகள் நேராக இருக்கிற படத்தில், தன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவான அகலத்துக்கு விரியும். பல லட்ச ரூபாய் லென்ஸிலும் இதுதான் நடக்கும், இது கண்ணாடியின் குறை இல்லை. கண்ணைச் சுற்றி உருண்டையாக இருக்கிற உலகத்தைத் தட்டையான காகிதத்தில் விரித்தால் எங்காவது இழுத்தே ஆக வேண்டும். உருண்டையைச் சிதைக்காமல் தட்டையாக்க முடியாது என்பதை 1827-லேயே காஸ் நிரூபித்துவிட்டார். 1569-ல் மெர்காட்டர் போட்ட உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைவிடப் பதினாலு மடங்கு பெரியது. மாலுமிக்குத் திசைக்கோடு நேராக வேண்டியிருந்தது, அதற்கான விலையைப் பரப்பளவு கொடுத்தது.

ஆக இழுப்பதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. யாரை இழுப்பது என்பதுதான் கேள்வி. சுவரா, முகமா? நான் சுவரைத் தேர்ந்தெடுத்தேன். ஏன்? மனுவில் நேரான சுவர் இருந்தால் படம் நம்பகமாக, தொழில்முறையாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த முடிவை எடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சிரித்தார் என்று நினைத்தேன்.

கல்யாண குரூப் போட்டோக்களை இப்போது ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். மேடை நெரிசலில் வைட் போட்டு எடுத்த எத்தனை படங்கள். ஓரத்தில் நிற்பவர் யார்? கூப்பிட்டதற்காக ஏறி, எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒதுங்கிய ஏழைச் சித்தப்பா, விதவை அத்தை, பெண்ணுடைய ஆபீஸ் தோழி. "கொஞ்சம் உள்ள வாங்க, எல்லாரும் வந்துருவீங்க" என்று கத்துவோம். எல்லாரும் வந்துவிடுவார்கள்தான். மணமக்கள் அழகாக இருப்பார்கள். சித்தப்பா குண்டாக இருப்பார். ஆல்பம் பார்க்கிறவர்கள் "சித்தப்பா வெயிட் போட்டுட்டாரு" என்பார்கள். சேர்த்துக்கொள்வதற்கான செலவை எப்போதும் கடைசியாகச் சேர்க்கப்பட்டவர் கொடுக்கிறார், அதுவும் தனக்குத் தெரியாமல்.

அதற்காகச் சேர்க்காமல் விடலாமா என்றால், அதுவும் இல்லை. முதல் படத்தில் அம்மா இருக்கவே இல்லை. இல்லாமல் போவதைவிட இழுபட்டு இருப்பது மேல் என்று வாதாடலாம். நான் என்னிடமே நிறைய வாதாடினேன். ஆனால் அந்த வாதத்தை முகம் இழுபட்டவர் சொன்னால் ஒரு அர்த்தம், இழுத்தவன் சொன்னால் வேறு அர்த்தம்.

கறுப்பு மூலைகளை நினைத்துக்கொள்கிறேன். அவை இருந்தவரை, பார்க்கிற யாருக்கும் இது ஒரு குழாய் வழியாகப் பார்த்த காட்சி என்று தெரிந்திருக்கும். மூன்று நாள் அரம் போட்டு, பெயின்ட் அடித்து, அந்தத் தடயத்தை நானே அழித்தேன். குறையை நீக்கியதாகத்தான் அப்போது பெருமைப்பட்டேன்.

அந்த ஊருக்குக் கேமரா புதிதல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தக் குறுகலான தெருவில் எத்தனை கேமராக்கள் நுழைந்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அடுத்த மாதம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. கேமராக்கள் மலைக்கும் ஏறின. அதற்கு நூறு வருடம் முன்பே இந்த மக்களைப் பார்த்து எழுதியாகிவிட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் மலையாளிப் பழங்குடிகளுக்கு ஓர் இடம் உண்டு. (கேரளக்காரர்கள் இல்லை, காஞ்சியிலிருந்து மலையேறியதாகத் தங்கள் கதையைச் சொல்கிறவர்கள். ஆயாவும் அதைத்தான் சொல்வார்.) தர்ஸ்டன் மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். 1869-ல் லாம்ப்ரே என்பவர் ஒரு சட்டத்தில் இரண்டு அங்குலக் கட்டங்களாக நூல் கட்டி, அதற்கு முன்னால் ஆட்களை நிறுத்திப் படமெடுக்கும் முறையை எழுதினார். அளவு பிசகக் கூடாது என்பதில் அவர்களுக்கு இருந்த அக்கறையை நான் சந்தேகப்படவில்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், மறுபடி மலைக்குப் போகும்போது என் பையில் இஞ்ச் டேப் இருந்தது. படத்துக்குள்ளேயே டேப்பை விரித்துவைத்து எடுத்துவிட்டால் யாரும் ஹால் என்று சொல்ல முடியாது அல்லவா? எனக்கு அது அருமையான யோசனையாகப் பட்டது. லாம்ப்ரேவுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

டேப்பைப் பார்த்ததும் ஆயாவின் முகம் மாறியது. "அதை உள்ள வை. அதைத் தூக்கிட்டு வந்தவங்க யாரும் நல்ல சேதி சொன்னதில்ல." 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை அது. பிறகும் யாருடைய நிலம், எது காடு என்று அளக்க வந்தவர்கள் குறைவில்லை. உள்ளே வைத்தேன்.

"அளவுதான வேணும்?" என்று எழுந்தார். சுவரோரம் குந்தி, முழங்கையைத் தரையில் வைத்து, விரலை நீட்டி, அடுத்தது, அடுத்தது என்று நகர்ந்துகொண்டே போனார். நீளம் எட்டு முழம். அகலம் ஆறு முழம். நானும் அளந்து பார்த்தேன். என் கையில் நீளம் ஏழரை கூட வரவில்லை.

"இப்ப எதை ஆயா எழுதறது?"

"குடியிருக்கறது நானா நீயா?"

அன்றைக்கு அடாப்டர் இல்லாமல் மூன்று படம் எடுத்தேன். கூரைக் கம்பி ஒன்று, அடுப்பு மூலை ஒன்று, வாசலுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவர்களை ஒன்று. பழைய படத்தின் இரண்டு வடிவங்களையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். நேர்ச் சுவர் ஒன்று, வளைந்த சுவர் ஒன்று. அம்மாவிடம் இரண்டையும் நீட்டி, எதை வைக்கலாம் என்று கேட்டேன். முதல் முறை கேட்டிருக்க வேண்டியது. அவர் தன் முகம் இருந்த படத்தை எடுத்துக்கொண்டு, "எங்க செவுரு எப்ப நேரா இருந்துச்சு" என்றார்.

மனுவோடு நாலு படமும் வைத்தோம். வளைந்த சுவர்ப் படத்தின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினேன்: நீளம் எட்டு முழம், அகலம் ஆறு முழம், ஆயாவின் கையால். எடுத்தவன் வாசலுக்கு எதிர் மூலையில், சுவரில் முதுகு ஒட்டி நின்றான். அகலக் கண்ணாடி போட்டது. அறை இதைவிடச் சின்னது.

நண்பன் படித்துப் பார்த்துவிட்டு, "இதை ஆபீஸ்ல யாருடா திருப்பிப் பாப்பாங்க?" என்றான்.